பச்சைக் கிளை கிறிஸ்துமஸ் மரம்: உச்சி மட்டும் காய்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சைப்ரஸ், துஜா என்ற பசுமைமாறா மரங்களின் கிளைகளைச் செருகி, மேசைமேல் வைக்கிற சின்னக் கிறிஸ்துமஸ் மரம் செய்கிறேன். ஒரு வாரத்துக்குள் உச்சிக் கிளைகள் பழுப்பேறி, தொட்டாலே உதிர்கின்றன. அடிக்கிளைகளோ வெட்டிய அன்றைய பசுமையோடும் வாசனையோடும் அப்படியே நிற்கின்றன. எல்லாம் ஒரே நாளில் வெட்டியவை, அதனால் கிளை பழசு என்று சொல்ல முடியாது.

கிளைகளைச் செருக, ஆழமில்லாத பீங்கான் கிண்ணத்தில் பூ அலங்கார ஃபோம் கட்டியை (பஞ்சுபோல் நீரை இழுத்து வைத்திருக்கும் கட்டி) நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மரத்தின் உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல். கட்டியை அழுத்தாமல், தானாக மூழ்கும்வரை தண்ணீரில் விட்டுத்தான் எடுத்தேன். கிளைகளைச் சாய்வாக வெட்டி, அடி இலைகளை உருவி, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். வெட்டிய இடத்தைப் பிசின் அடைத்துவிடும் என்பதால் செருகும் முன் மறுபடி நறுக்கினேன். தினமும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன், இலைமேலும் தெளிக்கிறேன். வெயில் படாத மூலைதான், விளக்கும் பேட்டரியில் எரியும் எல்இடி. சூடு காரணமாக இருக்காது.

கட்டியின் கீழ்ப்பாதி சொதசொதவென்று இருக்கிறது, மேற்பாதி விரல் வைத்தால் உலர்ந்து தெரிகிறது. எனக்குச் சந்தேகம் அங்கேதான். ஒருமுறை காய்ந்த ஃபோம் மறுபடி சரியாக நீர் இழுக்காது. வேறு கட்டி மாற்றினால் மொத்த மரத்தையும் பிரிக்க வேண்டும். அந்தக் கூம்பு வடிவம் வருவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரை மரம் பச்சையாக நிற்க வேண்டும். செருகிய கிளைகளைக் கலைக்காமல், கட்டியின் உச்சிவரை ஈரம் தங்க என்ன செய்யலாம்?