மீன்குழம்புச் சட்டிக்குப் பூந்திக்கொட்டை போதுமா?

ஈசூன்வாசி: கடையில் வாங்கும் பாத்திரம் கழுவும் திரவம் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. ஒரு மாதமாகப் பூந்திக்கொட்டைச் சாற்றில்தான் பாத்திரம் துலக்குகிறேன். இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய 20 கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்கிறேன். காலையில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அரை மூடி எலுமிச்சையும் பிழிகிறேன். இனிக் கடைப் போத்தல் எதற்கு?

ஆய்வுக்கூடத்தம்பி: அக்கா, எலுமிச்சை பிழிந்தீர்களே, அங்கேதான் தவறு. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. புளிப்பு சேர்ந்தால் மறுபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். சோப்புக் கட்டியைத் துருவிக் கரைத்து என் அம்மா வினிகரை ஊற்றினார். திரிந்த பால்போல வெள்ளைத் திப்பி மிதந்தது. அதில் கழுவிய தட்டு கழுவாத தட்டைவிடப் பிசுபிசுத்தது.

ஈசூன்வாசி: அது சோப்புக் கட்டிக்குப் பொருந்தும், தம்பி. பூந்திக்கொட்டையில் இருப்பது சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள். அது கொழுப்பு அமில உப்பு அன்று, எலுமிச்சைக்குத் திரியாது. மீன் கவிச்சிக்குக் காரணமான அமைன்கள் என்ற காரப் பொருள்களை அந்தப் புளிப்புதான் அடக்குகிறது. நேற்றுச் சுறாப் புட்டு செய்த சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடத்தம்பி: சரி, அவசரப்பட்டுவிட்டேன். எலுமிச்சை பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன். நெத்திலி பொரித்த வாணலியை என்ன செய்வீர்கள்? நுரையைக் கண்டு ஏமாறாதீர்கள். விரலால் தேய்த்தால் கிறீச்சிட வேண்டும். உங்கள் சாறு நான் சமைக்கும் எண்ணெய்க்குத் தாங்காது.

பொங்கோல்தந்தை: இவ்வளவு பாடு எதற்கு? சமையல் சோடாவில் வினிகரை ஊற்றுங்கள், பொங்கிக்கொண்டு அழுக்கு போய்விடும்.

ஆய்வுக்கூடத்தம்பி: பொங்குவது கரியமில வாயு, ஐயா. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். சோடாவைத் தனியாகப் போட்டுத் தேய்த்தாலாவது அடிப்பிடித்த கறை விடும்.

தோபாயோபாட்டி: நாங்கள் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் துலக்கியவர்கள். சாம்பலில் காரம் உண்டு, எண்ணெயை அது பிடித்துக்கொள்ளும். வீவக அடுக்குமாடி வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது! வாணலி எண்ணெயை முதலில் பழைய செய்தித்தாளால் வழித்தெடுங்கள். அதைச் செய்யாமல் எதை ஊற்றினாலும் வீண்தான். குழாயில் எண்ணெயை விட்டு அடைத்துக்கொண்டு பிளம்பருக்குக் காசு அழாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தம்பி: பாட்டி சொல்வது சரி. இன்னொன்று: அந்தச் சாற்றில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. நம் ஊர் வெக்கையில் மூன்றாம் நாளே புளித்து நாறாதா?

ஈசூன்வாசி: முதல் வாரம் நாறியது, மறைக்கவில்லை. இப்போது ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேளைக்கு இரண்டு கட்டி எடுக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அதில் ஒன்றைப் பண்டோங் (ரோஜாப் பால்) குவளையில் போட்டுவிட்டார். ஒரு மிடறுதான். கசப்பில் அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்து மாளவில்லை. பிறகுதான் பயம் வந்தது, பிள்ளைகள் எடுத்திருந்தால்?

ஆய்வுக்கூடத்தம்பி: பெயர் எழுதி ஒட்டினீர்களா? கண்ணில் பட்டாலும் எரியும்.

ஈசூன்வாசி: சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டேன். நெத்திலி வாணலியைக் கேட்டீர்களே... கடைப் போத்தல் இன்னும் தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. அந்த ஒரு வாணலிக்கு மட்டும், கையுறை போட்டுக்கொண்டு.