காதுகுத்து ஏற்பாடு: மொட்டை மாடியில் எந்தப் படம்?

(குழு: காதுகுத்து ஏற்பாடு. இரவு 8:40 முதல்)

அண்ணன்: பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சு. சமையல்காரர் லிஸ்ட் நாளைக்கு வரும். இப்போது முக்கியமான விஷயம். காதுகுத்துக்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் ஊரில்தான் இருப்போம். நண்பரிடம் புரொஜெக்டர் கேட்டு வைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டிப் படம் போடலாம். என்ன படம் போடலாம்?

தங்கச்சி: டிராகன்!!!

பெரியப்பா: பாம்புப் படமா?

தங்கச்சி: ஐயோ பெரியப்பா. 48 அரியர் வைத்த பையன் கதை. பிரதீப் ரங்கநாதன். மிஷ்கின்தான் பிரின்சிபால்.

மாமா: படம் பார்க்கும்போது உன் அரியர் எத்தனை என்று யாராவது கேட்டால்?

தங்கச்சி: எனக்கு ரெண்டே ரெண்டுதான் மாமா

சித்தி: என்னது ரெண்டா?

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சித்தி: நீக்கினாலும் நான் படித்துவிட்டேன்.

கும்பகோணம் அத்தை: பிள்ளையை விடு, அதைக் காதுகுத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படத்துக்கு நான் ஒரு நிபந்தனை சொல்கிறேன். நடுவில் ரிமோட்டைத் தேடுகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. சம்பந்தி வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

மாமா: அப்போது பெருசு அவுட்.

அண்ணி: அந்தப் பெயரையே இந்தக் குழுவில் எடுக்காதீர்கள் மாமா. அப்பாவும் இருக்கிறார்.

பெரியப்பா: ஏன், நல்ல பெயராகத்தானே இருக்கிறது? பெரியவர்களைப் பற்றிய படமா?

அண்ணன்: பெரியப்பா அதை விடுங்கள். அடுத்தது.

நான்: மதகஜராஜா? குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 2012இல் எடுத்து, 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம். 2025 பொங்கலுக்குத்தான் வந்தது. அப்படியும் தியேட்டரில் கூட்டம்.

மாமா: அதில் பழைய சந்தானம் இருக்கிறாரே, அதுதான் காரணம். ஹீரோவாகப் போன பிறகு அந்த ஆளை நாம் பார்க்கவே இல்லை. மனோபாலாவை வைத்து ஒரு இருபது நிமிஷம் போகுமே, பக்கத்து சீட்டில் இருந்தவர் யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெரியப்பா: மனோபாலா போய்ச் சேர்ந்தது 2023இல். படத்தில் பிணமாக நடித்து நம்மைச் சிரிக்க வைக்கிறார், படம் வரும்போது ஆளே இல்லை. நான் சிரித்தேன்தான். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மாதிரி இருந்தது.

சித்தி: பாட்டெல்லாம் வருமே. ரிமோட் விதிப்படி அதுவும் அவுட்.

அண்ணி தம்பி: மாமன் போடலாமா? நான்தானே தாய்மாமன். மடியில் உட்காரவைத்துக் காது குத்தப்போவது நான். பொருத்தமாக இருக்கும்.

அண்ணி: வேண்டவே வேண்டாம். தியேட்டரில் இவன் அழுத அழுகை எனக்குத் தெரியும். இடைவேளையில் எனக்கு போன் செய்து "பாப்பா என்ன பண்ணுது" என்று கேட்டான். மறுநாள் ஒரு பெரிய பொம்மைக் கரடியோடு வந்து நின்றான்.

அண்ணி தம்பி: சூரி அண்ணன் நடிப்பு அப்படி அக்கா.

அண்ணி: நடிப்பு சரி. அந்தப் பையன் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் நடுவில் வந்து படுத்துக்கொள்கிறானே, அதைப் பாசம் என்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது.

கும்பகோணம் அத்தை: நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் ராஜ்கிரண் வருகிற இடம் எல்லாம் நன்றாக இருந்தது.

தங்கச்சி: அப்பாயியிடம் கேட்டேன். குரல் செய்தி அனுப்பத் தெரியவில்லை, நான் எழுதுகிறேன். "அழுவுறதுக்கு சீரியல் இருக்கு. சிரிக்கிற படமாப் போடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல என்னால உக்கார முடியாது."

அண்ணன்: அப்பாயி சொன்ன பிறகு மாமன் அவுட். மன்னித்துக்கொள் மச்சான்.

அண்ணி தம்பி: சீர் வரிசையில் ஒரு தட்டைக் குறைக்கிறேன்.

(இரவு 9:05)

அண்ணன்: குடும்பஸ்தன்? நக்கலைட்ஸ் டீம், கோயம்புத்தூர் பேச்சு, மணிகண்டன். அதில் சிரிக்காத ஆள் இல்லை.

நான்: போடலாம். ஆனால் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிற மாப்பிள்ளை, அவரைக் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கும் அக்கா வீட்டுக்காரர்... முன் வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாமா: யார்?

நான்: ஒன்றுமில்லை மாமா.

மாமா: குரு சோமசுந்தரம் மாதிரி நான் இருக்கிறேன் என்று சொல்கிறாயா?

சித்தி: நாங்கள் யாரும் சொல்லவில்லை. போன பொங்கலுக்கு "உன் சம்பளத்துக்கு இந்தப் பட்டுப்புடவை ஜாஸ்தி இல்லையா" என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

கும்பகோணம் அத்தை: 🙏 அடுத்த படம்.

சித்தப்பா: 3 பிஎச்கே நல்ல படம்.

சித்தி: அது நமக்கு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குச் சேர்த்த பணம் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது இவர் என் கையைப் பிடித்து "நம்ம கதைடி" என்றார். நம்ம கதையைத் திரும்ப வேட்டியில் வேறு பார்க்க வேண்டுமா? ஆனால் ஒன்று, சரத்குமாரும் தேவயானியும் பழைய சினிமாக்காரர்கள் மாதிரியே தெரியவில்லை. யாரோ மாம்பலத்தில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தார்கள்.

தங்கச்சி: குட் நைட்?

அண்ணன்: குறட்டைக் கதைதானே, அது போடத் தேவையில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் சித்தப்பா நேரடி ஒளிபரப்பு.

சித்தப்பா: 👍

பெரியப்பா: பார்க்கிங் என்று ஒன்று வந்ததே? எம்.எஸ். பாஸ்கருக்குத் தேசிய விருது கொடுத்தார்களே. சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை என்று மொத்தம் மூன்று விருது.

அண்ணன்: பக்கத்து வீட்டுக்காரரையும் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன் பெரியப்பா. கார் விவகாரம் இப்போதுதான் கொஞ்சம் ஆறியிருக்கிறது. விருந்து வேனை அவர் வாசலில்தான் நிறுத்த வேண்டும்.

பெரியப்பா: புரிகிறது புரிகிறது.

கும்பகோணம் அத்தை: தலைவன் தலைவி? ஆரம்பிப்பதே குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போடுகிற இடத்தில்தான்.

அண்ணி: அத்தை, இரண்டு குடும்பமும் கோயிலில் வைத்துக் கத்திக்கொண்டே இருக்குமே. ஒரே சத்தம். விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் இல்லையென்றால் பாதியில் எழுந்திருப்பேன். மறுநாள் காலையில் நம் இரண்டு குடும்பமும் அதே மாதிரி கோயிலில் நிற்க வேண்டும். சகுனமே சரியில்லை.

மாமா: பரோட்டா வீசுகிற இடம் மட்டும் போட்டுக் காட்டலாம். எனக்குப் பசிக்கிறது.

(இரவு 9:30)

பெரியப்பா: எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், இப்போது நான் சொல்கிறேன். மெய்யழகன். நீடாமங்கலம் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? நம் பக்கத்து ஆளை நம் பக்கத்துப் பேச்சோடு இவ்வளவு மரியாதையாக யார் காட்டினார்கள்? வீட்டை இழந்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனவன், இருபது வருஷத்துக்கு மேல் கழித்துக் கல்யாணத்துக்கு வருகிறான். தங்கச்சிக்கு மேடையில் வைத்து நகை போட்டுவிடுகிறான். அந்த இடத்தில் தியேட்டரே கப்சிப். அப்புறம் அந்தப் பையன், கார்த்தி, அத்தான் அத்தான் என்று விழுந்து விழுந்து கவனிக்கிறான். அரவிந்த்சாமிக்கோ அவன் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. கேட்கவும் முடியாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எனக்கு இது எத்தனை தடவை நடந்திருக்கிறது தெரியுமா! சிரிப்பு தனியாக, கதை தனியாக என்றில்லை. எங்கள் காலத்தில் கவுண்டமணி செந்தில் டிராக்கைத் தனியாக எடுத்துச் சேர்ப்பார்கள். அதுவும் பிடிக்கும். ஆனால் அதை வெட்டினாலும் கதை நிற்கும். இதில் எதை வெட்டுவது?

அண்ணி: வெட்டினார்களே பெரிய மாமா. வெளியான பிறகு 18 நிமிஷம்.

பெரியப்பா: தப்பு. நான் வெட்டாததைத்தான் பார்த்தேன்.

அண்ணி: எனக்கும் படம் பிடிக்கும். ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், பாதிக்கு மேல் இரண்டு ஆம்பளைகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கொசுவோடு, குழந்தைகளோடு, மாடியில் அது எடுபடாது. அதை வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்: அண்ணி சொல்வது சரி. மாடிக்குச் சத்தமான படம் வேண்டும். பாதியில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாலும் கதை புரிய வேண்டும்.

கும்பகோணம் அத்தை: அப்படியானால் லப்பர் பந்து. கிரிக்கெட் படம் என்று சொல்லித்தான் மாமா என்னை இழுத்துக்கொண்டு போனார், நான் தூங்கலாம் என்றுதான் போனேன். அந்த யசோதை டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருகிறாளே! பிட்ச்சையே உழுதுவிடுகிறாள். நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தவள்தான். மாமனாரும் வருங்கால மாப்பிள்ளையும் முறைத்துக்கொள்வதற்குக் காரணம் ஒரு பந்து. எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பொண்ணு. இதைவிடக் குடும்பப் படம் என்ன வேண்டும்?

மாமா: அந்த மாமனார், கெத்து, வரும்போதெல்லாம் விஜயகாந்த் பாட்டு போடுவார்களே. பொன்மனச் செல்வன் பாட்டு. அதற்கே விசில்.

அண்ணி தம்பி: அதில் சாதி விஷயமும் வரும் மாமா. ஆனால் பிரசங்கம் பண்ணாமல், விளையாட்டிலேயே சொல்லிவிடுவார்கள். யாரை டீமில் சேர்க்கிறார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதிலேயே தெரிந்துவிடும்.

தங்கச்சி: டூரிஸ்ட் ஃபேமிலியை ஏன் யாருமே சொல்லவில்லை? சசிகுமார், சிம்ரன், அந்தக் குட்டிப் பையன் முள்ளி! பாப்பாவுக்கு அவன் ஆட்டம் ரொம்பப் பிடிக்கும்.

அண்ணன்: இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். ரெட்ரோ வந்த அதே மே ஒன்றாம் தேதி தைரியமாக வெளியிட்டார்கள். எங்கள் ஆபீஸில் முதலில் இதைத்தான் பார்த்தார்கள்.

பெரியப்பா: நல்ல படம்தான். ஆனால் ஒரு குறை. 2022இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகில் வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குத்தான் போனார்கள். கேசவ நகரில் வாடகை வீடு யாருக்கும் கிடைக்கவில்லை. படத்தில் போலீஸ்காரர் முதற்கொண்டு எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

நான்: அது உண்மைதான் பெரியப்பா. ஆனால் அந்தக் காலனியில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆட்கள், ஒரு சாவு வீட்டுக்கு வந்து நிற்கிறார்களே. வந்த வேற்றூர்க்காரன் கதவு கதவாகப் போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். என் அபார்ட்மெண்டில் எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

சித்தி: சிரிப்பும் இருக்கிறது. இவர்கள் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டால் கேரளா என்று சமாளிப்பது.

கும்பகோணம் அத்தை: சாவு வீடு வருமா? காதுகுத்துக்கு முந்தின நாள் ராத்திரி சாவு வேண்டாம்பா.

அண்ணி: எனக்கும் அதுதான் தோன்றியது அத்தை.

தங்கச்சி: அப்பாயி கேட்கிறார்கள், "லப்பர் பந்துல அழுவாங்களா?"

மாமா: கடைசியில் கொஞ்சம். பத்து மணிக்கு மேல்தான் வரும், அம்மா தூங்கியிருப்பார்கள்.

அண்ணன்: அப்போது லப்பர் பந்து. ஓட்டெடுப்பு வைக்கவா, இல்லை அப்படியே முடிவா?

பெரியப்பா: முடிவு. ஆனால் மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம், மாடியில் இல்லை, கூடத்தில், மெய்யழகன். வெட்டாதது. வர இஷ்டமுள்ளவர்கள் வரலாம்.

அண்ணி: நெட்ஃபிளிக்ஸில் எது இருக்கிறதோ அதுதான் பெரிய மாமா.

பெரியப்பா: அதையும் பார்ப்போம்.

அண்ணன்: சரி, ஸ்பீக்கர் யார் கொண்டுவருவது? ஆவணி மழை வந்தால் புரொஜெக்டர் மேல் போடத் தார்ப்பாய் வேண்டும். வெள்ளை வேட்டி நாலு முழம் போதாது, எட்டு முழம், கறை இல்லாதது.

சித்தப்பா: வேட்டி என்னிடம் இருக்கிறது.

சித்தி: இவருடைய வேட்டியை நம்பாதீர்கள். நான் புதுசு எடுத்து வருகிறேன்.

அண்ணி தம்பி: ஸ்பீக்கர் நான். தட்டும் குறைக்கவில்லை.

மாமா: கொசுவர்த்தி என் பொறுப்பு. இன்னொரு விஷயம், குடும்பஸ்தனில் நான் எந்தக் கதாபாத்திரம் என்று யாராவது தனியாக மெசேஜ் அனுப்பினால் பரவாயில்லை.