பழைய லேப்டாப்பில் வைஃபை மந்தம்: உள் கார்டை மாற்றுவதா, யுஎஸ்பி அடாப்டர் போதுமா?

நிழல்குடை:
தம்பியின் லேப்டாப், ஆறேழு வருடப் பழசு. மற்றபடி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் வைஃபை நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தவிர வேறெதையும் பிடிக்காது. வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர். அதே மேசையில் போனில் 180 காட்டுகிறது, லேப்டாப் 40ஐத் தாண்டுவதில்லை, இரவில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் சேர்ந்துகொண்டால் வீடியோ வகுப்பு நின்று நின்று வருகிறது. கடைக்காரர் நகம் அளவு யுஎஸ்பி அடாப்டர் ஒன்றைக் காட்டுகிறார், நண்பன் உள்ளே இருக்கும் கார்டையே மாற்றச் சொல்கிறான். எதைச் செய்யலாம்?

மின்கம்பி:
உள்ளே மாற்றுங்கள் ப்ரோ, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உங்களிடம் இருப்பது அநேகமாக ஒற்றை ஆன்டெனா வைஃபை 4 (பழைய தலைமுறை) கார்டு, 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதன் உச்சமே 72 எம்பிபிஎஸ், அதில் கைக்கு வருவது நாற்பது ஐம்பதுதான். இரட்டை ஆன்டெனா வைஃபை 6 கார்டு 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலிலேயே 1201 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையும். நகம் அளவு அடாப்டரில் ஆன்டெனாவும் நகத்துக்குள்தானே அடங்க வேண்டும்? பெரும்பாலான லேப்டாப்புகளில் சொந்த ஆன்டெனா திரையின் விளிம்பில் இருக்கிறது, மூடியைத் திறந்தால் அது மேசையை விட்டு மேலே வந்துவிடும். அடாப்டரோ உடம்பை ஒட்டி, மேசை மட்டத்தில், உங்கள் கைக்குப் பக்கத்தில் கிடக்கும். அப்புறம் உள் கார்டோடு புளூடூத்தும் புதிதாகிவிடும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வெளியூர்வாசி:
மின்கம்பி சொல்வதைப் பார்த்தால் எல்லா லேப்டாப்பையும் திறந்து மாற்றிவிடலாம் போல இருக்கிறது. இன்று விற்கும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் வைஃபை சில்லு போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, மேக்புக்கும் அப்படித்தான். ஸ்லாட் இருந்தாலும் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க அச்சு அசல் எம்.2 (லேப்டாப்புக்குள் செருகும் சிறு ஸ்லாட் வகை) கார்டுதான், ஆனால் அவற்றில் இருப்பது பாதி வேலை மட்டுமே, மீதி லேப்டாப் போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. ஏஎம்டி லேப்டாப்பில் போட்டால் அது வெறும் தகடு. விவரம் தெரியாமல் வாங்குகிறவருக்குப் பணம் போச்சு.

ஆன்டெனா விஷயத்திலும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். நகம் அளவு அடாப்டர் வேண்டாம், சரி. மடக்கு ஆன்டெனா உள்ள யுஎஸ்பி 3 அடாப்டரை ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிளில் மாட்டி ஜன்னலோரம் வையுங்கள். திரைக்குள் ஒட்டிய ஆன்டெனாவை அப்படி நகர்த்த முடியுமா? வாடகை அறையில், ரவுட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டில், இந்த ஒரு வசதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாளைக்கு லேப்டாப்பே மாறினாலும் அடாப்டர் கூடவே வரும்.

கெர்னல்கயல்:
லினக்ஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இன்டெல் உள் கார்டுக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கெர்னலிலேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே இருக்கிறது, போட்டதும் வேலை செய்யும். யுஎஸ்பி அடாப்டர்களில் ரியல்டெக் சில்லு வந்துவிட்டால் தலைவலி ஆரம்பம். அவற்றில் பலவற்றுக்கு நெடுங்காலம் கெர்னலில் டிரைவரே கிடையாது, வெளியே யாரோ பராமரிக்கும் மூலநிரலை எடுத்து நாமே தொகுக்க வேண்டும், கெர்னல் மேம்பட்டதும் வைஃபை காணாமல் போகும், அதைச் சரிசெய்ய இணையம் வேண்டும், இணையம்தான் இல்லையே. சில அடாப்டர்கள் செருகியதும் வைஃபையாக வராமல் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி டிரைவாக வந்து நிற்கும், அதை வேறொரு நிரல் கொண்டு தட்டி எழுப்ப வேண்டும். பெட்டியின் மேல் சில்லு பெயர் எழுதுவதும் அரிது, ஒரே மாடலை அடுத்த பதிப்பில் வேறு சில்லோடு விற்கிறார்கள்.

வெளியூர்வாசி:
கயல், அது சில்லு பார்க்காமல் வாங்குவதன் பிரச்சினை. மீடியாடெக் எம்டி7612யு 4.19 கெர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது, வைஃபை 6க்கான எம்டி7921ஏயு 5.18இலிருந்து. இந்தப் பெயர்களைச் சொல்லி விற்பவர்களிடம் வாங்கினால் எதையும் தொகுக்க வேண்டியதில்லை.

உள் கார்டை நம்புகிறவர்கள் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) பூட்டை ஏன் மறைக்கிறீர்கள்? திங்க்பேட் எக்ஸ்230, டி430 காலத்து இயந்திரங்களில் தயாரிப்பாளர் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்று பிழை காட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும். கார்டும் ஆன்டெனாவும் சேர்த்துத்தான் ரேடியோ அனுமதி வாங்கியிருக்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் எந்தக் கார்டு போடலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்வது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. யுஎஸ்பி துளைக்கு அந்தப் பூட்டு இல்லை.

இது புதிய கதையும் இல்லை. 2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்ற இன்டெல்லின் லேப்டாப் முத்திரை வந்தபோது, அந்த முத்திரை வேண்டுமென்றால் இன்டெல்லின் வைஃபை கார்டும் உள்ளே இருந்தாக வேண்டும். அது 11 எம்பிபிஎஸ் வகை. அதே ஜூனில் 54 எம்பிபிஎஸ் தரம் நிறைவேறியது. வெளியிலிருந்தே கார்டு செருகும் பக்கவாட்டு பிசி கார்டு துளை இருந்ததால்தான் திறக்கத் தெரியாதவர்களும் அன்றே புதிய வேகத்துக்கு மாற முடிந்தது.

மின்கம்பி:
பூட்டு அநியாயம்தான், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நிழல்குடை கேட்பது 2012 திங்க்பேட் பற்றி இல்லை.

யுஎஸ்பி 3 என்கிறீர்களே, அதன் சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்புகிறது என்று இன்டெல்லே 2012இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அடாப்டர் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும், பக்கத்துத் துளையில் இருக்கும் மவுஸ் ரிசீவரும் லேப்டாப்பின் புளூடூத்தும் 2.4இல்தான் இருக்கின்றன, அவை தடுமாறும். பேருந்திலும் நூலகத்திலும் மடியில் வைத்து வேலை செய்கிறவர் நீட்டிப்பு கேபிளை எங்கே தொங்கவிடுவார்? பையில் வைக்கும்போது இடித்து வளைந்த யுஎஸ்பி துளைகள் எத்தனை!

பெஞ்சுமுருகன்:
இரண்டு பேரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், முதலில் பின்மூடியைத் திறந்து ஆன்டெனா வயரை எண்ணச் சொல்லுங்கள். சர்வீஸ் பெஞ்சில் நான் பார்க்கும் விலை குறைந்த மாடல்களில் கறுப்பு வயர் ஒன்று மட்டும்தான் வரும், இன்னொன்றைத் தயாரிப்பாளரே போடவில்லை. அதில் இரட்டை ஆன்டெனா கார்டு போட்டாலும் வேகம் பாதிதான். திரைச் சட்டத்தைப் பிரித்து இன்னொரு ஆன்டெனா ஓட்டலாம், ஆனால் கீல் வழியாக வயரை இழுப்பது பழகிய கைக்கே சிரமம். ஒற்றை வயர் என்றாலும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே பெரிய லாபம், 80 மெகாஹெர்ட்ஸில் 600 எம்பிபிஎஸ் வரை இணையும், 200 ஃபைபருக்கு அது தாராளம். ஆனால் அந்தத் தனி ஆன்டெனா 2.4க்கு மட்டுமே செய்ததாக இருந்தால் 5இல் சிக்னல் சோர்ந்துவிடும், அந்த இடத்தில் வெளியூர்வாசி சொல்வதே சரி.

நிழல்குடை:
திறந்து பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர், கார்டு எம்.2 ஸ்லாட்டில் ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கிறது. வெள்ளை வயரின் முனை எதிலும் மாட்டப்படாமல் டேப் சுற்றிக் கிடக்கிறது. ப்ராசசர் ஏஎம்டி ரைசன்.

மின்கம்பி:
இதற்கு மேல் என்ன வேண்டும்! ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. கடைசி எண் ஒன்றில் முடியும் கார்டுகளைத் தொடாதீர்கள்.

வெளியூர்வாசி:
இரண்டு வயர் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், இந்த லேப்டாப்புக்கு உள் கார்டே போடுங்கள். ஆனால் வாரண்டி உள்ள புது லேப்டாப்போடு அடுத்து யாராவது இதே கேள்வியைக் கேட்டால் நான் யுஎஸ்பி என்றுதான் சொல்வேன்.

பெஞ்சுமுருகன்:
போடுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள் தம்பி. பழைய கார்டிலிருந்து வயரை எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் குச்சியால் வயர் முனையில் இருக்கும் உலோகத் தலைக்கு அடியில் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். மாட்டும்போது தலையை உட்காரும் இடத்தில் சரியாக வைத்து விரலால் நேர் கீழே அழுத்துங்கள், சின்னதாக ஒரு சொடக்கு தெரியும். சாய்த்து அழுத்தினால் முனை நசுங்கிவிடும், அந்த வயர் தனியாகக் கிடைக்காது, ஆன்டெனாவோடுதான் மாற்ற வேண்டிவரும். விண்டோஸ் என்றால் புதுக் கார்டின் டிரைவரை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.