ஹாலோ பாயிண்ட் தோட்டா சேம்பரில் ஏறாமல் சிக்குகிறது, எதை வாங்குவது?

மழைக்குருவி:
வணக்கம். தற்காப்புக்காக உரிமம் பெற்று வைத்திருக்கும் பிஸ்டலில் ஹாலோ பாயிண்ட் தோட்டா (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு கொண்டது) அவ்வப்போது சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) முழுதாக ஏறாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பயிற்சிக்குப் பயன்படுத்தும் முழு உறைத் தோட்டா (முனையில் குழியில்லாமல் உலோக உறை மூடிய குண்டு கொண்டது) ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. அதையே தற்காப்புக்கும் வைத்துக்கொள்ளலாமா, அல்லது வேறு ஹாலோ பாயிண்ட் வாங்க வேண்டுமா? விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீலக்கல்:
எந்தக் காலிபர் (குண்டின் விட்டம்), பேரல் எவ்வளவு நீளம், குண்டு எத்தனை கிரெய்ன் எடை என்று எதையும் சொல்லாமல் எதை வாங்குவது என்று கேட்டால் எப்படிச் சொல்வது? முழு உறைக் குண்டைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். அது விரியாது என்பதால் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறி, பின்னால் இருப்பவர் மீது பாயும் வாய்ப்பு அதிகம்.

பட்டறைக்காரன்:
என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி ஃபீட் ராம்ப்தான், அதாவது மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் கூடு) வரும் தோட்டாவைச் சேம்பருக்குள் ஏற்றிவிடும் சரிவு. உருண்டை முனைக் குண்டு அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு மேலேறிவிடும். வாய் அகன்ற ஹாலோ பாயிண்ட்டின் விளிம்போ அதில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்காக நீங்களே அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். ஒருமுறை கெடுத்த ராம்ப் திரும்ப வராது. கையால் ஏற்றும்போது ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) முழுதாக இழுத்து விட்டுவிடுகிறீர்களா, அல்லது பிடித்தபடியே மெதுவாக முன்னே கொண்டுபோகிறீர்களா? மெதுவாக விட்டால் நல்ல தோட்டாவும் நின்றுவிடும்.

பழம்பெட்டி:
இங்கே நெடுங்காலமாக எழுதிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையேட்டைக்கூடப் படிக்காமல் தற்காப்புத் தோட்டாவைப் பற்றிக் கேட்க வருபவர்களுக்கு விடை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தேர்ந்தெடுத்த தோட்டாவில் குறைந்தது 200-ஐயாவது தடையின்றிச் சுட்டுப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும் என்பது அரிச்சுவடி. இவர் வைத்திருப்பது 9 மி.மீ. ஆகத்தான் இருக்கும். அதைவிடத் தடித்த குண்டுள்ள .45 வாங்கியிருந்தால் விரிகிறதா விரியவில்லையா என்ற கவலையே தேவைப்பட்டிருக்காது.

நீலக்கல்:
ஐயா, அந்த வாதத்துக்கு வயதாகிவிட்டது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.-க்கும் கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் எஃப்.பி.ஐ., உடல் தசைக்கு ஈடாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையை வகுத்து, குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்று வரையறுத்தது. முதலில் 10 மி.மீ., பிறகு .40 என்று அலைந்த அதே எஃப்.பி.ஐ. கடைசியில் 9 மி.மீ.-க்கே திரும்பிவந்தது. குண்டின் அமைப்பு மேம்பட்டதே அதற்குக் காரணம். தடித்த துணி குழியை அடைத்துக்கொண்டால் ஹாலோ பாயிண்ட் விரியாமல் முழு உறைக் குண்டைப் போலவே போய்விடும் என்பதால், துணி போர்த்திய ஜெலட்டினிலும் தேறிய தோட்டாவா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பழம்பெட்டி:
ஜெலட்டின் யாரையும் தாக்க வருவதில்லை, தம்பி. பெரிய துளை பெரிய துளைதான்.

வாசற்படி:
காலிபர் சண்டையைச் சற்று ஒதுக்கிவைப்போம். மழைக்குருவி அவர்களே, மேகசினில் எத்தனையாவது தோட்டா சிக்குகிறது?

மழைக்குருவி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 9 மி.மீ., 124 கிரெய்ன், சிறிய பேரல். ஸ்லைடை முழுதாக இழுத்துத்தான் விடுகிறேன். யோசித்துப் பார்த்தால், சிக்குவது எப்போதும் முதல் தோட்டாதான். இரவில் ஏற்றிவைத்து, காலையில் இறக்கி, அதே தோட்டாவைத் திரும்ப மேகசினின் மேலே வைப்பது வழக்கம்.

வாசற்படி:
அந்தத் தோட்டாவை இனிமேல் ஏற்றவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குண்டின் முனை ராம்ப்பில் மோதுகிறது. மோத மோத, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் சிறிது சிறிதாகப் பின்வாங்கும். தோட்டா குட்டையானால் ஏறும் கோணம் மாறிச் சிக்கலாம். சிக்காமல் ஏறிவிட்டால் அதைவிட ஆபத்து, ஏனெனில் உள்ளே இடம் குறைந்துபோனதால் சுடும்போது அழுத்தம் எக்கச்சக்கமாக உயர்ந்து துப்பாக்கியே சிதையக்கூடும். அதே பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்றை எடுத்து, இரண்டையும் சமமான மேசையில் அடிப்பக்கம் கீழே இருக்க அருகருகே நிறுத்திப் பாருங்கள். குட்டையாக இருந்தால் சுடுதளத்தில் ஒப்படைத்துவிடுங்கள். குப்பையில் போட வேண்டாம். வாங்குவதைப் பொறுத்தவரை, சிறிய பேரலில் வேகம் குறையும் என்பதால், அந்த வேகத்திலும் விரியுமாறு குட்டைப் பேரலுக்கென்றே செய்யப்பட்ட தோட்டாவைத் தேடுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் ஹாலோ பாயிண்ட்டை அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரன்:
இருந்தாலும் ராம்ப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மழைக்குருவி:
நிறுத்திப் பார்த்தேன். புதியதைவிட அது நகத்தின் தடிமன் அளவுக்குக் குட்டையாக இருக்கிறது. குழியின் விளிம்பிலும் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. ஒப்படைத்துவிட்டு, புதிய பெட்டியிலிருந்து 50 சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. நன்றி.

பழம்பெட்டி:
.45-இல் இந்தத் தொல்லையே வராது.

வாசற்படி:
வரும்.