புதுப்பிப்பு: ஹெப்டன்ஸ்டால் கல்லறைப் பெயர்கள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரின் மலைக்கிராமமான ஹெப்டன்ஸ்டாலில், கல்லறைக் கற்களில் கிரீன்வுட், சட்கிளிஃப் என்ற குடும்பப் பெயர்களே ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பதில் எழுதினீர்கள், நன்றி. அதன் பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

காட்டோரம் வாழ்ந்தவர்களுக்கு கிரீன்வுட் என்ற பெயர் வந்திருக்கும் என்று சிலர் ஊகித்திருந்தீர்கள். ஆனால் அது அந்த வட்டாரத்திலேயே இருந்த ஓர் இடத்தின் பெயர். கிரீன்வுட் லீ என்ற பழைய பண்ணைவீடு இன்றும் அங்கே இருக்கிறது. அந்த மலைச்சரிவுகளில் மக்கள் தனித்தனிப் பண்ணைகளில் சிதறி வாழ்ந்தார்கள். அதனால் பண்ணையின் பெயரே அங்கிருந்த குடும்பத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அங்குள்ள இன்னொரு குடும்பப் பெயரான ஏக்ராய்ட் என்றால் ஓக் மரங்களை வெட்டித் திருத்திய நிலம். சட்கிளிஃப், தெற்குப் பாறைச்சரிவு.

அப்புறம், தறி நெசவும் ஆடும் மாடும் சோறு போட்டதால் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்டார்கள். பெயர்கள் பெருகின. ஒரே பெயரில் பலர் இருந்ததால், அப்பன், பாட்டன் பெயரையும் சேர்த்து 'ஜாக்குடைய பில்லின் டாம்' என்ற மாதிரி அழைப்பது அந்தப் பக்க வழக்கமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதிவேட்டில் இல்லாத உறவுமுறை முழுவதும் அந்த அழைப்பில் இருக்கிறது.

இதேபோல் தேடுபவர்கள், தேவாலயங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற 1538 ஆணைக்குப் பின் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளோடு நின்றுவிடாதீர்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த 1379 தலைவரியின் பட்டியலையும் பாருங்கள். யார்க்‌ஷயரின் பழைய நிர்வாகப் பிரிவான மேற்கு ரைடிங் பகுதிக்கு அது ஊர்வாரியாகக் கிடைக்கிறது.