மறுமொழி: நுண்மாசா, சுவட்டுமாசா?

எல்லாருக்கும் வணக்கம்,

தண்ணி மாசு பற்றின எங்கட கையேட்டில 'மைக்ரோபொல்யூட்டன்ட்' எண்டதுக்குத் தமிழில நுண்மாசு எண்டு போடுறதோ, சுவட்டுமாசு எண்டு போடுறதோ எண்டு நேற்று இரவு வந்த மடலெல்லாத்தையும் இப்பதான் வாசிச்சு முடிச்சன். சென்னை ஐயா சொன்னதும் நியாயம், ரீச்சர் அக்கா சொன்னதும் நியாயம், ஆனா நுண்மாசு எண்ட சொல்லு எனக்குச் சோத்தில கல்லுக் கடிச்ச மாதிரியே இருக்கு.

> மைக்ரோ என்றால் நுண், பொல்யூட்டன்ட் என்றால் மாசு. நேராக நுண்மாசு என்று வைத்துவிட்டுப் போகலாமே ஐயா, இதில் என்ன விவாதம்?

பிரச்சினையே அந்த 'நேராக'வில தான் ஐயா. இந்த மைக்ரோ சைஸைச் சொல்லேல்ல, செறிவைச் சொல்லுது. லீற்றருக்கு மைக்ரோகிராம், நானோகிராம் கணக்கில தண்ணிக்குள்ள கரைஞ்சு கிடக்கிற சாமானுக்குத்தான் இந்தப் பேர், வலிப்புக்குக் குடுக்கிற கார்பமசெபின், மூட்டு நோவுக்குப் போடுற டைக்ளோபெனக், கருத்தடைக் குளிசையில இருக்கிற ஹோர்மோன், பூச்சிமருந்து, இப்பிடி. நுண் எண்டவுடன சனம் தூசைத்தான் நினைக்குது, ஏனெண்டா பேப்பரில தினமும் வாறது நுண்பிளாஸ்டிக்கும் காத்தில இருக்கிற நுண்துகளும்.

இது நான் யோசிச்சுப் பிடிச்ச பிழை இல்ல. கையேட்டின்ர முதல் வரைபை எங்கட வெள்ளவத்தை வீட்டு மேசையில வைச்சிட்டுக் குளிக்கப் போனன், வந்து பாத்தா அம்மா கண்ணாடியப் போட்டுக்கொண்டு வாசிச்சுக்கொண்டிருக்கிறா. "நுண்மாசு எண்டா சின்னச் சின்னத் தூசு தானே, நல்ல நெருக்கமான துணியில வடிச்சா நிக்காதோ" எண்டு கேட்டா. நான் ஒண்டும் சொல்லேல்ல, அவவின்ர தேத்தண்ணிய எடுத்து வடியில ஒருக்கா ஊத்திக் குடுத்தன். ஒரு வாய் குடிச்சிட்டு "சீனி எங்க போறது" எண்டா. அவ்வளவுதான் விஷயம், ஒரு நிமிஷத்தில விளங்கிட்டுது, ஆனா வாசிக்கிற ஒவ்வொருத்தருக்கும் நான் தேத்தண்ணி ஊத்திக் காட்ட ஏலாதே. (தண்ணிய அமுக்கி வடிக்கிற ஆர்ஓ சவ்வு கரைஞ்சதையும் பெரும்பாலும் மறிக்கும் எண்டு ஆராவது எழுத முந்தி நானே சொல்லுறன், ஓம், மறிக்கும், ஆனா மறிச்சதெல்லாம் அங்கால செறிஞ்ச கழிவாச் சேரும், அதை எங்க கொட்டுறது எண்டது வேற தலையிடி.)

> நுண்போசணை (மைக்ரோநியூட்ரியன்ட்) எண்டு புத்தகத்தில இருக்குதே. அதிலயும் நுண் எண்டது சைஸை இல்ல, அளவைத்தானே குறிக்குது தம்பி?

அக்கா, இதுதான் என்னை ரெண்டு நாள் மடக்கின கேள்வி. இலக்கணப்படி உங்களுக்குத்தான் வெற்றி. ஆனா போசணைய ஒருத்தரும் வடிகட்ட யோசிக்கிறேல்ல, மாசை எல்லாரும் யோசிப்பினம். அதோட அதே பாடத்தில சுவட்டு மூலகம் (ட்ரேஸ் எலிமென்ட்) எண்டும் படிப்பிக்கிறீங்கள், மிச்சமாத் தெரியிற அடையாளம், இருக்கு ஆனா கொஞ்சம் எண்டது பிள்ளையளுக்குப் பழகின கருத்து. அந்த வழியால வந்ததுதான் சுவட்டுமாசு. சூரிச்சில இருக்கிற மச்சானைக் கேட்டன், ஜெர்மனில ரெண்டு சொல்லும் ஓடுதாம், ஒண்டு எங்கட நுண்மாசு மாதிரி, மற்றது ஸ்பூரன்ஷ்டொஃபே, 'ஸ்பூர்' எண்டா சுவடு. சுவிஸ்காரர் இதில முன்னோடியள். 2014இல டூபென்டோர்ஃப் எண்ட இடத்தில நகரக் கழிவுநீரில இந்த மாசை உடைக்க ஓசோன் பூட்டினவை, 2016இல சட்டமாக்கித் தெரிஞ்செடுத்த சுத்திகரிப்பு நிலையங்களில இந்த மாசை 80 வீதம் குறைக்கவேணும் எண்டவை, செலவுக்கு ஆளுக்கு வருஷம் 9 பிராங்.

இம்மிமாசு எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். சொல்லு வடிவு, கீழ்வாயிலக்கத்தில, அதான் பழந்தமிழ்ப் பின்னக் கணக்கில இருந்து வாறது, எனக்கு ஆசை தான். ஆனா "இம்மியளவு தானே, விடுங்கோ" எண்டு ஆக்கள் சிரிச்சிட்டுப் போயிடுவினம். இப்ப கொழும்புப் பேரை வாவிய எடுங்கோ, சுமார் 65 ஹெக்டயர், ரெண்டு மீற்றர் ஆழம் எண்டு வையுங்கோ, அதுக்குள்ள 500 மில்லிகிராம் பனடோல் ரெண்டைக் கரைச்சா லீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு நானோகிராம் வரும். ஒண்டுமில்லைப் போலத்தான் இருக்கும். ஆனா கனடாவில ஒரு பரிசோதனை ஏரியில 2001இல இருந்து மூண்டு வருஷம் கருத்தடை ஹோர்மோனை லீற்றருக்கு 5, 6 நானோகிராம் அளவில வைச்சிருந்தவை, ஆண் மீனுக்கு முட்டைப் புரதம் வந்து, அந்தச் சின்ன மீன் இனமே ஏரியில அழியிற நிலைக்குப் போட்டுது. எங்கட வாவிக்கு அந்த அளவு வர ஏழெட்டுக் கிராம் காணும். இதுக்கு இம்மி எண்டு பேர் வைச்சா நாங்களே அதைக் கவனிக்காதீங்கோ எண்டு சொல்லுற மாதிரி.

மற்றது, சுத்திகரிப்பைச் சொல்லேக்க 'அகற்றல்' எண்ட சொல்ல எல்லா இடத்திலயும் போடவேண்டாம். கரி உண்மையாவே அகற்றுது, எங்கட சிரட்டைக்கரி மாதிரியான ஏவிய காபன் (அக்டிவேற்றட் காபன்) மாசின்ர மூலக்கூறைத் தன்ர மேற்பரப்பில பிடிச்சு வைச்சிருக்கும், கரிய எடுத்தா மாசும் போகும். ஓசோன் அகற்றிறேல்ல, உடைக்குது, உடைஞ்ச துண்டுகள் தண்ணியிலயே நிக்கும், அதாலதான் பின்னால மணல் வடி வைச்சு, அதில இருக்கிற நுண்ணுயிர் அந்தத் துண்டுகளைத் தின்ன விடுறது. கடலோரத்துக் குழாய்க்குள்ள உப்புத்தண்ணி கசிஞ்சா புரோமைட்டும் வரும், அது ஓசோனோட சேந்து புரோமேற்றாகும், குடிதண்ணியில லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் தான் உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை. அதால ஓசோனுக்கு 'சிதைத்தல்', கரிக்கு 'அகற்றல்', துண்டுகளுக்கு 'உருமாற்றப் பொருள்'. கொழும்பில வெள்ளவத்தையாலயும் முகத்துவாரத்தாலயும் கழிவுநீரைக் குழாய் வழியாக் கடலுக்கு விடுற எங்களுக்கு இதெல்லாம் இப்ப என்னத்துக்கு எண்டு கேக்காதீங்கோ, இந்தக் கருவியள் வரமுந்தி சொல்லு வந்தா நட்டமில்ல.

---

தம்பி,

தேத்தண்ணிக் கதை நல்லா இருக்கு, நாளைக்கு வகுப்பில செய்து காட்டப்போறன். சுவட்டுமாசு சரி, ஆனா எட்டாம் வகுப்பில சொன்னா கால்சுவடோ ரீச்சர் எண்டு ஒருத்தன் கட்டாயம் கேப்பான். முதல் இடத்தில நுண்மாசையும் பக்கத்தில போடுங்கோ, வேற புத்தகம் பாக்கிற பிள்ளை தடுமாறக்கூடாது. அதோட 'பரப்பில பிடிக்கிறது' எண்டு சுத்தி வளைக்கவேண்டாம், புறத்துறிஞ்சல் இருக்கு.

---

சரி அக்கா, தலைப்பில சுவட்டுமாசு, முதல் வரியில "நுண்மாசு எண்டும் சொல்லுவர்", பேந்து எல்லா இடத்திலயும் சுவட்டுமாசு. சென்னை ஐயா 'பரப்புக் கவர்தல்' எண்டு கேப்பார், ஆனா இஞ்ச வாசிக்கிறது எங்கட பிள்ளையள், புறத்துறிஞ்சலையே போடுறன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, வியாழன் பின்னேரத்துக்குப் பிறகு வாற மடலை நான் திறக்கமாட்டன்.