மலையகத்துக்குப் பால்மாவும் தறப்பாளும் வேண்டும்

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கொட்டிய மழையில் மகாவலி ஆறும் களனி ஆறும் பெருகின. இங்கே மலையே இறங்கி வந்தது. அரசாங்கம் உலக நாடுகளிடம் உதவி கேட்டது, பல நாடுகள் அனுப்பியும் வைத்தன. ஆனால் கொழும்பில் இறங்கிய பொருள் மண்சரிவில் அறுந்த வீதிகளைத் தாண்டித்தான் எங்களிடம் வர வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்களான நாங்கள் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில், அதாவது லயத்துக் காம்பராக்களில்தான் இருந்தோம்; அங்கே இப்போது முழங்கால் அளவு சேறு. பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கிறோம். பக்கத்துக் காம்பரா அக்கா, மகளின் நனைந்த கொப்பிகளை அடுப்போரம் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைக்கிறார்.

பழைய உடுப்பு வேண்டாம், போதுமான அளவு வந்துவிட்டது. பால்மா, தறப்பாள், குளோரின் மாத்திரை, பெண்களுக்கான நாப்கின், அப்புறம் பிள்ளைகளுக்குக் கொப்பி. இவைதான் அவசரம்.

இன்னொன்று. லயத்துக்குத் திரும்ப எங்களுக்குப் பயமாக இருக்கிறது; போக வேறு காணியும் இல்லை. உங்கள் நாட்டு உதவி நிறுவனங்களிடம் பேசும்போது, பாதுகாப்பான இடத்தில் எங்களுக்குக் காணி வேண்டும் என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். பொருள் அனுப்பக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள், எந்த வழியாக அனுப்பலாம் என்று சொல்கிறேன்.